மூன்று மழை பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள்

வீட்டு வேலை: வாசகர் கேள்வி பதில்

மழைக்காலம் முடிந்த கையோடு வடசென்னையிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஒழுகுகிறது, உதிர்கிறது, யாரை நம்பி வேலையைக் கொடுப்பது? இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் பகுதியை மட்டும் குறிப்பிடுகிறேன்.

தண்டையார்பேட்டை வாசகி: எங்கள் வீடு 1994இல் மாமனார் கட்டியது. மொட்டை மாடி சுமார் 800 சதுர அடி. ஹாலிலும் பின்னறையிலும் சீலிங் காரை பெயர்ந்து விழுகிறது, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. மூன்று பேரை அழைத்துக் காட்டினோம். ஒருவர் 65,000 ரூபாய், ஒருவர் 1,40,000, இன்னொருவர் 2,60,000 என்கிறார்கள். 65,000 சொன்னவர் என் நாத்தனார் வீட்டில் வேலை செய்தவர். 2,60,000 சொன்னவர் மட்டும் ஏணி கேட்டு வாங்கி, சுத்தியலால் சீலிங்கைத் தட்டிப் பார்த்தார். யாரை நம்புவது சார்?

பதில்: அம்மா, மூன்று பேரும் விலை சொன்னது ஒரே வேலைக்குத்தானா என்று முதலில் பாருங்கள். என் கணிப்பு, 65,000 என்பவர் மாடியில் ஒரு கெமிக்கல் பூச்சு அடித்து, கீழே உதிர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பிவிட்டுப் போவார். 1,40,000 சொன்னவர் பழைய தட்டோட்டைப் பெயர்த்து, தண்ணீர் வடியும் வாட்டம் சரிசெய்து புது ஓடு பதிப்பதைச் சொல்லியிருக்கலாம். மூன்றாமவர் கம்பியையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். இது என் ஊகம்தான், அதனால் மூவரிடமும் என்னென்ன செய்வார்கள், எந்தச் சரக்கு, எத்தனை சதுர அடி என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி வந்த பிறகு விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுதித் தர மறுப்பவர் அங்கேயே கழன்றுகொள்வார், உங்களுக்கும் ஒரு ஆள் குறையும்.

கம்பி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பணம் அதிகம் வீணாவது இதில்தான். இரும்பு துருப்பிடித்தால் பழைய அளவில் அடங்காது, இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். அந்த உப்பல்தான் காங்கிரீட்டை உள்ளேயிருந்து தள்ளி உடைக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது, அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கு உப்புச்சாயல் உள்ள போர் தண்ணீரிலேயே காங்கிரீட் கலந்திருக்கிறார்கள், கம்பிக்குக் கீழே போதுமான கவரும் (கம்பியை மூடும் காங்கிரீட் கனம்) விட்டிருக்க மாட்டார்கள். கடலோரத்தில் காங்கிரீட்டுக்குள் கம்பி 45 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பழைய வீடுகளின் சீலிங்கில் அரை அங்குலம் இருந்தாலே பெரிது. துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே சிமென்ட் பூசினால் துரு உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும், ஒன்றிரண்டு வருஷத்தில் பூசியது மொத்தமாகப் பெயர்ந்து விழும், அதுவும் முன்பைவிடப் பெரிய பாளமாக.

சரியாகச் செய்பவர் என்ன சொல்வார்? முதலில் முட்டு கொடுக்கணும் என்பார். கொத்துவதற்கு முன்னால் தளத்துக்கு அடியில் முட்டு நிறுத்துவதைப் பற்றி வாயே திறக்காதவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இது உயிர் விஷயம். அப்புறம் சீலிங் முழுவதையும் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வரும் இடத்தையெல்லாம் கொத்தி எடுப்பது. கம்பியின் பின்பக்கமும் தெரியும் அளவுக்குக் கொத்த வேண்டும். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுப்பது, ரொம்ப மெலிந்து போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டுவது, துருத் தடுப்புப் பூச்சு, பழைய காங்கிரீட்டும் புதுக் கலவையும் ஒட்டுவதற்கான பூச்சு, கடைசியில் பாலிமர் சேர்த்த கலவை. இந்த வரிசையை நீங்கள் கேட்காமலேயே அவராகச் சொன்னால் நல்லது. சுத்தியல் எடுத்துத் தட்டிப் பார்த்தவர் பக்கம் என் மனசு சாய்கிறது, ஆனால் தட்டிப் பார்த்ததற்காக மட்டும் 2,60,000 ரூபாயைத் தூக்கிக் கொடுக்கவும் சொல்ல மாட்டேன்.

அவரிடம் ஒன்று கேளுங்கள். போன மாசம் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள், புதுசாகப் பூசிய எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். குறைந்தது மூன்று மழைக்காலம் பார்த்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை வடசென்னையில் யாருக்கும் மறந்திருக்காது, அதற்கு முன்னால் முடித்த மாடி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் போய்ப் பாருங்கள். வேலை எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லாரும் நல்லாத்தான் இருந்தது என்பார்கள். வேலை முடிந்த பிறகு எங்கேயாவது கசிந்ததா, கசிந்தபோது போன் செய்தால் எடுத்தாரா, வந்தாரா, வந்ததற்குக் காசு கேட்டாரா என்று கேளுங்கள். கசிவே வராத வேலை அபூர்வம், கூப்பிட்டால் வருகிறாரா என்பதில்தான் ஆள் தெரியும்.

நாத்தனார் வீட்டில் வேலை செய்தவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. பாத்ரூம் டைல்ஸ் நன்றாகப் பதித்தவருக்குக் கம்பி வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உறவுக்காரர் சொன்னார் என்பதால் வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. தயங்க வேண்டாம், கூரை உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் யோசிக்கும் கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் கொத்தனாரிடமோ சித்தாளிடமோ டீக்கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். சனிக்கிழமை கூலி ஒழுங்காகக் கைக்கு வருகிறதா? ஆட்களுக்குக் கூலி பாக்கி வைப்பவரின் வேலைதான் பாதியில் நிற்கும், ஏனென்றால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். பகுதியில் உள்ள ஹார்ட்வேர் கடைக்காரருக்கும் யார் பாக்கி வைக்கிறார், யார் வைப்பதில்லை என்று நன்றாகத் தெரியும்.

கடைசியாக, சேதம் ஒரு அறைக்கு மேல் பரவியிருப்பதால் கட்டட உறுதியைச் சோதிக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவருக்குத் தனியாக ஃபீஸ் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேலையையும் எடுக்கக் கூடாது, சரக்கும் விற்கக் கூடாது. நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.

பெரம்பூர் வாசகர்: மாடியில் தட்டோடு மாற்ற ஒருவரைப் பேசி முடித்துவிட்டோம், நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் பாதிப் பணம் அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஆள் இறக்குவேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நல்லவராகவே இருக்கட்டும், உங்கள் பணத்தில் அவர் இன்னொரு வீட்டின் பாக்கியை அடைத்துவிட்டு, உங்கள் வேலைக்கு மூன்றாவது வீட்டின் அட்வான்ஸுக்காகக் காத்திருப்பார். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர், எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

10 அல்லது 15 சதவீதம் கொடுத்து ஆரம்பியுங்கள். சரக்கு வாங்கப் பணமில்லை என்றால் கடைக்கு நீங்களே நேராகக் கட்டிவிடுங்கள், பில் உங்கள் பெயரில் வரட்டும். மீதியைக் கண்ணுக்குத் தெரியும் கட்டங்களாகப் பிரியுங்கள்: பழைய ஓட்டைப் பெயர்த்துக் குப்பை வெளியேறியதும் ஒரு பங்கு, வாட்டம் போட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்ததும் ஒரு பங்கு, ஓடு பதித்து இடுக்கு அடைத்ததும் ஒரு பங்கு. இரண்டாவது வாரம், மூன்றாவது வாரம் என்று தேதி போட்டுப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரம் தானாக ஓடிவிடும், வேலை ஓடாது. 5 முதல் 10 சதவீதத்தை அடுத்த மழை வரைக்கும் நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு இதைச் சொன்னால் சண்டைதான் வரும்.

ஓடு பதிப்பதற்கு முன்னால் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. அதற்கு அவர் சம்மதிக்கிறாரா என்று இப்போதே கேளுங்கள். தளம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

குப்பையை யார் அள்ளுவது என்பதும் தாளில் இருக்கட்டும். தெரு முனையில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும், கேள்வி கேட்பது வீட்டுக்காரரைத்தான். இடிபாட்டுக் கழிவைத் தரம் பிரித்து அரைக்கும் மாநகராட்சி ஆலை கொடுங்கையூரிலேயே இருக்கிறது, அதனால் நம் பக்கத்துக் கான்ட்ராக்டர் யாரும் தூரம் என்று சாக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் இந்த எக்ஸ்ட்ரா. ஓட்டைப் பெயர்த்த பிறகு அடியில் தளம் வெடித்திருந்தால் அதற்குச் சதுர அடிக்கு என்ன ரேட் என்று முன்பே பேசி எழுதுங்கள், ஓட்டைத் திறந்து போட்ட பிறகு பேரம் பேசும் பலம் உங்களுக்கு இருக்காது. கைப்பிடிச்சுவரின் உள்பக்கம் அளவில் சேருமா, படிக்கட்டுத் தலைப்பு (படிக்கு மேலே உள்ள சின்னக் கூரை) சேருமா என்பதையும் கேளுங்கள். பில்லில் தகராறு வருவது பெரும்பாலும் அளவில்தான். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்று சொன்னால் அவருடைய 15 இலக்க எண்ணை வாங்கி ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டில் எடுத்த பதிவு என்றால் எண் 33இல் ஆரம்பிக்கும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

ராயபுரம் வாசகர்: தாத்தா காலத்து வீடு, மேலே தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது. வந்து பார்த்த கான்ட்ராக்டர், பழசு மேலேயே 3 அங்குலம் காங்கிரீட் போட்டுவிட்டால் இன்னும் 50 வருஷம் நிற்கும் என்கிறார். சரிதானா?

பதில்: அந்தக் கான்ட்ராக்டரை அனுப்பிவிடுங்கள். 100 சதுர அடிக்கு 3 அங்குலம் காங்கிரீட் என்றால் ஏறக்குறைய 1,700 கிலோ. அந்தப் பாரம் முழுக்க உங்கள் தாத்தா காலத்து உத்திரத்தின் மேல் உட்காரும். உத்திரத்தைச் சோதித்துப் பார்க்காமல் ஒருவர் இதைச் சொல்கிறார் என்றால் இந்த வகைக் கூரையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

மெட்ராஸ் டெரஸில் உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம், அதற்கு மேல் தட்டோடு. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த அந்தச் சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் போட்டு மூடினால் ஈரம் போக வழியில்லாமல் மரத்தில் இறங்கும். இந்தக் கூரைகளில் நான் அதிகம் பயப்படுவது உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்துக்குத்தான். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் தேக்கு அங்கே மட்டும் உளுத்துப் போயிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அந்த இடத்தில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் கான்ட்ராக்டர் அதைச் செய்தாரா?

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி இப்போது குறைவு, ஆனால் இருக்கிறார்கள். பழைய கோயில், சர்ச், பழைய பங்களாக்களில் பழுது பார்த்தவர்களை விசாரியுங்கள், ராயபுரத்தில் அப்படிப்பட்ட கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. வருபவரிடம் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள், சிமென்ட் கலப்பீர்களா என்று கேளுங்கள். சீக்கிரம் காய்வதற்காகக் கொஞ்சம் சிமென்ட் கலப்போம் என்பவரும் வேண்டாம். பெரும்பாலும் மேலே உள்ள தட்டோட்டையும் இடுக்கையும் வாட்டத்தையும் சரிசெய்து, உளுத்த ஒன்றிரண்டு உத்திரத்தை மாற்றினாலே போதும். செலவும் நீங்கள் பயப்படும் அளவுக்கு வராது. தண்ணீர் தேக்கும் சோதனையை மட்டும் இந்த வீட்டில் யாரும் செய்ய விடாதீர்கள்.

திருவொற்றியூர் வாசகி: மாடியில் ஒரு அறை கட்டப் போகிறோம். லேபர் கான்ட்ராக்ட் விடலாமா, மெட்டீரியலோடு விடலாமா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

பதில்: இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மெட்டீரியலோடு விடுங்கள், ஆனால் கம்பி, சிமென்ட் இரண்டின் பிராண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி, சரக்கு இறங்கும் நாளில் ஒருவராவது வீட்டில் இருங்கள். லேபர் கான்ட்ராக்டில் மிச்சம் பிடிக்கலாம்தான், ஆனால் பகலில் ஆள் இல்லாத வீட்டில் மூட்டைக் கணக்கு யார் பார்ப்பது? கூடுதல் அறைக்குத் திட்ட அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதெல்லாம் தேவையில்லை, நான் பார்த்துக்கறேன் என்று சொல்பவர் நோட்டீஸ் வரும் நாளில் பக்கத்தில் இருக்க மாட்டார். கீழ்த்தளம் இன்னொரு அறையின் பாரத்தைத் தாங்குமா என்பதையும் இன்ஜினீயரிடம் கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் ஆனதைத் திருப்பி அனுப்புங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.65 கிலோ இருக்க வேண்டும், 8 மில்லிமீட்டர் என்றால் 4.74 கிலோ, எடை ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிசு. காங்கிரீட்டுக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்த மணல்), பூச்சுக்கு பி-சாண்ட் (அதிலேயே சன்னமானது), இரண்டையும் ஒரே குவியலிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பகுதியில் முக்கியமானது தண்ணீர். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, வாயில் உப்புக் கரிக்கிறது என்றால் கலவைக்கும் ஆகாது, நனைப்பதற்கும் ஆகாது. கம்பி உள்ள காங்கிரீட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் எல்லை. ஒரு கேன் தண்ணீரை லேபில் கொடுத்துச் சோதிக்க ஆகும் செலவு பெரிதில்லை. இல்லையென்றால் மெட்ரோ வாட்டர் லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

தளம் போட்ட பிறகு குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். இது யார் பொறுப்பு என்று எழுதாவிட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் அவர் பொறுப்பு என்றே எழுதுங்கள், ராத்திரி வந்ததும் மாடி ஏறிப் பாருங்கள்.

கொளத்தூர் வாசகர்: 4,20,000 ரூபாய்க்குச் சமையலறையும் இரண்டு பாத்ரூமும் புதுப்பிக்கப் பேசினோம். 3,00,000 வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. போலீஸில் சிவில் விஷயம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. பாதி உடைத்த சமையலறையை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம்! ஆனாலும் புது ஆளை இறக்குவதற்கு முன்னால் ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு மூலையையும் போட்டோ, வீடியோ எடுங்கள். ஒரு இன்ஜினீயரை அழைத்து, முடிந்த வேலையின் மதிப்பு எவ்வளவு, மீதிக்கு எவ்வளவு ஆகும், எங்கே தரக்குறைவு என்று கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள். புது ஆள் வேலை தொடங்கிவிட்டால் பழையவர் செய்த தவறுக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும்.

அடுத்து, 15 நாள் கெடு கொடுத்து, கைக்குச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி வழக்காகும், அதனால் போலீஸ் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கான்ட்ராக்டர் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகவும் பதியலாம், அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பணத்தைக் கையில் கொடுத்தீர்களா, வங்கி வழியாகவா என்று எழுதவில்லை. கையில் கொடுத்திருந்தால் அவர் பணம் வந்தது என்று அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் பத்திரப்படுத்துங்கள், போன் மாற்றிவிடாதீர்கள்.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது மனையும் ஃபிளாட்டும் விற்கும் புரமோட்டர்களுக்கானது, இதற்கு உதவாது.

வியாசர்பாடி வாசகர்: எங்கள் மேஸ்திரி 20 வருஷப் பழக்கம். எழுத்தில் கேட்டால் கோவித்துக்கொள்வாரோ?

பதில்: நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "அண்ணே, வீட்ல எல்லாரும் கேக்கறாங்க, மறந்துடாம இருக்க எழுதினேன், சரியா இருக்கா பாருங்க" என்று அவர் கையில் கொடுங்கள். நீங்கள் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறதே, அவருக்கும் அது பாதுகாப்புதான். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் என்றால் படித்துக் காட்டி, அதையே போனில் குரலாகப் பதிவு செய்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கொடுங்கையூர் வாசகி: மூன்று மாடி வெளிச்சுவருக்குப் பெயின்ட். ஒருவர் இரும்புச் சாரத்துக்குத் தனியாக 18,000 கேட்கிறார். இன்னொருவர் சாரம் வேண்டாம், பசங்க கயிறு கட்டி இறங்கி அடிச்சுடுவாங்க என்கிறார்.

பதில்: முதலாமவர். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மாடித் தூணில், பெல்ட் இல்லை, ஹெல்மெட் இல்லை, இப்படித்தான் நம் தெருக்களில் இளம் பையன்கள் தொங்குகிறார்கள். விழுந்தால் அந்தக் குடும்பத்தை யார் பார்ப்பது? உங்கள் வீட்டுச் சுவரில் அது நடக்க வேண்டாம். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 1994இலிருந்து இருக்கும் வாரியம் அது, விபத்து நேர்ந்தால் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பதியாதவர்களைப் பதிய வைக்கச் சொல்லுங்கள். சாரத்துக்கான 18,000 ரூபாயை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதி வாங்குங்கள், சாரம் நிற்கும்போதே சன்ஷேடு வெடிப்பு, தளர்ந்த மழைநீர்க் குழாய், சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்று எல்லாவற்றையும் சரிசெய்துவிடச் சொல்லுங்கள், அதற்கென்று மறுபடி சாரம் கட்ட வேண்டியிருக்காது.